உறங்காத கண்கள்

உறக்கம் ஏழைக்கும் செல்வருக்கும் இயற்கை ஒன்றுபோல் வழங்கிய கொடை என்பர். அக்கொடையை இன்னொருவர் பறித்துவிட முடியும் என்பதை, இரண்டாமாண்டு விலங்கியல் மாணவியாகிய நான் நூலகத்தில்தான் அறிந்தேன்.

1974-இல் ஆன் பர்ஜெஸ் என்னும் செவிலியரும் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்னும் சமூகவியலாளரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒருவர் பாஸ்டன் நகர மருத்துவமனைக்கு எந்நேரத்தில் வந்தாலும், தொலைபேசி அழைப்பு வந்ததும் புறப்பட்டுச் செல்வார்கள். அவ்வாறு சந்தித்த 92 பெண்களின் நிலையை எழுதியிருக்கிறார்கள். தூங்கும்போது தாக்கப்பட்டவர்களுள் பலர், ஒவ்வோர் இரவும் அதே நேரத்தில் விழித்துக்கொண்டார்களாம். உடலுக்குள் இப்படியும் ஒரு கடிகாரமா என்று திகைத்தேன்.

இதை அம்மாவிடம் சொன்னேன். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த அவர், சற்று நேரம் பேசாமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "ராத்திரியில கூப்பிட்டாலும் அந்த நர்சம்மா வருவாங்களா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் தெருவில் இரவெல்லாம் விளக்கெரித்து உட்கார்ந்திருக்கும் ஓர் அக்காளைத்தான் இருவரும் நினைத்துக்கொண்டோம். காற்றுக் கருப்பு என்று கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். நடந்ததை அறிந்தவர்கள் வாய் திறக்கவில்லை.

ஆபத்து நீங்கிய பின்னும் மூளை காவலை விடுவதில்லை. அச்சத்தை உணரும் அமிக்டலா என்ற பகுதி சிறு ஓசைக்கும் எச்சரிக்கை விடுக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. கண் அயர்ந்தாலோ, நடந்ததே கனவாகத் திரும்புகிறது. போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களுக்கே உரியதென்று பலர் நினைக்கும் இப்பாதிப்பை 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பேய் என்பதைவிட நோய் என்பது எவ்வளவோ மேல். நோய்க்குச் சிகிச்சை உண்டு அல்லவா?

2001-இல் பாரி கிராகோ என்ற மருத்துவர் நியூ மெக்சிகோவில் 168 பெண்களிடம் ஆராய்ந்த முறை எனக்கு வியப்பளித்தது. விழித்திருக்கும்போதே கெட்ட கனவைத் தாம் விரும்பியபடி மாற்றி, மாற்றியதை நாள்தோறும் சில நிமிடங்கள் மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றே அமர்வுகள்! பயிற்சி பெற்றவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன, உறக்கமும் மேம்பட்டது.

நம் நாட்டில் இத்தகையோருக்கு அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் உடனே இலவசச் சிகிச்சை அளிக்க வேண்டுமென்று 2013 முதல் சட்டம் இருக்கிறது. அங்கே தூக்கத்தைப் பற்றி யாராவது கேட்பார்களா என்பது ஐயமே. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவித் தொலைபேசியின் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள். அம்மா அந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதித் தரச் சொல்லி, முந்தானையில் முடிந்துகொண்டார்.