கைக்கும் வாய்க்கும் எவ்வளவு தூரம்?

கை வாய்க்கு எட்டுவது இத்தனை பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாது. அம்பத்தூர் ஓ.டி. பக்கம், மழையில் பாசி பிடித்த படியில் சறுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுந்த பிறகுதான் தெரிந்தது.

என் மாமியார் உடனே, "புத்தூர் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம்" என்றார். புத்தூர் என்ன தூரமா? நம் ரயில் பாதையிலேயே அரக்கோணம், திருத்தணி தாண்டினால் வந்துவிடும். அவருடைய மணிக்கட்டு முன்பு அங்கேதான் கூடிற்றாம். ஆனால் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "இது கட்டுக்கு அடங்காது, அம்மா" என்று சொல்லிவிட்டார்.

முழங்கை மூட்டு நழுவியிருந்தது. கட்டைவிரல் பக்கத்து எலும்பின் தலை நொறுங்கியிருந்தது. மற்ற எலும்பின் முன்புறம், காக்கை மூக்குப் போல மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் முனையும் ஒடிந்திருந்தது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1996-இல் வைத்த பெயர் 'பயங்கர மூவர்'. துப்பறியும் தொடர்கதைக்கு வைக்கலாம்!

ஆபரேஷனில் முனையை இழுத்துக் கட்டினார்கள். நொறுங்கிய தலையை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். அறுந்த தசைநாரை எலும்போடு தைத்தார்கள். அதெல்லாம் மயக்கத்தில் போயிற்று.

உண்மையான பாடு வீட்டில்தான். சில நாட்களிலேயே, மல்லாந்து படுத்துக் கையை மேலே தூக்கி, மெதுவாக மடக்கி நீட்டச் சொன்னார் டாக்டர். மாமியார் பதறிப் போனார். "தைத்த கையை ஆட்டுவதாவது!" என்று நல்லெண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு வந்தார், நீவி விட. நல்லவேளை, டாக்டர் முன்னமே எச்சரித்திருந்தார். அடிபட்ட முழங்கையை அழுத்தி நீவினாலோ, முரட்டுத்தனமாக இழுத்தாலோ, தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டே பூட்டிக்கொள்ளுமாம். அசைக்காமலே வைத்திருந்தாலும் விறைத்துப் போகும். நாமே, நம் பலத்தில், வலியோடு கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். அழுதுகொண்டேதான் செய்தேன்.

கை நேராக இருந்தால் 0 பாகை. 30 முதல் 130 வரை மடங்கி நீண்டால் வீட்டு வேலை பெரும்பாலும் நடந்துவிடும் என்று 1981-லேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். சாதம் வாய்க்குப் போக 130 பாகை பக்கம் வேண்டும். எனக்கு 110-லேயே நின்றுவிட்டது. இரண்டு மாதம் இடது கையில் ஸ்பூன். பெண்ணுக்கு ஜடை பின்னிவிட முடியவில்லை. அவள் பாப் வெட்டிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

இதைக் கேட்ட மறுநாள், மாமியார் பேத்தியின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தினம் காலையும் மாலையும் அளந்து, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தார். நாலாவது மாதம் ரசம் சாதம் வலது கையால் சாப்பிட்டேன். ஜடையும் பின்னியாயிற்று, கொஞ்சம் கோணலாக.

நீட்டுவதில் இன்னும் பத்துப் பாகை பாக்கி. அவர் விடுவதாயில்லை.