பொன்னிறம் போய்ச் செந்நிறம்

'சாயம் வெளுத்தது' என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் தொடர். ஒருவருடைய பொய் வெளிப்பட்டுவிட்டது என்பதே அதன் பொருள். நீலத் தொட்டியில் விழுந்து காட்டுக்கு அரசனான நரி, மற்ற நரிகளின் குரல் கேட்டதும் தன்னை மறந்து ஊளையிட்டு அகப்பட்டுக்கொண்ட கதையைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளையும் அறியும். ஆகவே, சாயம் என்றவுடன் வேடம் என்றும், வேடம் என்றவுடன் வஞ்சகம் என்றும் எண்ணுவது பழக்கமாகிவிட்டது. தலைமுடியின் நிறத்தை மாற்றிக்கொண்டு வரும் இளம்பெண்ணைக் கண்டு வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பதும் இப்பழக்கத்தினால்தான். அச்சுளிப்பு எந்த அளவுக்கு நியாயமானது என்பதை, ஒரு பெண்மணியின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்ந்து பார்க்கலாம்.

அமெரிக்க நாட்டில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ்டவுன் என்னும் ஊரில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர் லூசில் பால். மூன்று வயதிலேயே தந்தையை இழந்தவர். நடிப்புக் கலை பயிலச் சென்ற பள்ளியில், கூச்சம் மிகுந்த பெண் என்றும் நடிப்புக்கு ஏற்றவர் அல்லர் என்றும் திருப்பி அனுப்பப்பட்டவர். இயற்கையில் அவருடைய முடி பழுப்பு நிறம் உடையது. நியூயார்க் நகரில் ஆடை வடிவமைப்பாளர் ஹாட்டி கார்னகியிடம் ஆடை அணிந்து காட்டும் பெண்ணாகப் பணியாற்றியபோது, முதலாளியம்மையார் விரும்பியபடி அப்பழுப்பு முடியை வெளுத்துப் பொன்னிறமாக்கிக்கொண்டார். 1933ஆம் ஆண்டு ஹாலிவுட்டிற்கு வந்தபோதும் அவர் பொன்முடி அழகியருள் ஒருவரே. ஆடற்குழுவில் ஒருவராக நின்றார். சிறு வேடங்கள் ஏற்றார். ஆண்டுகள் ஓடின. பொன்முடி நடிகையர் நிறைந்த அவ்வூரில் இன்னொரு பொன்முடியை எவரும் தனித்து நோக்கவில்லை.

1942ஆம் ஆண்டு அவர் மெட்ரோ கோல்ட்வின் மேயர் படநிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே சிகை அலங்காரத் தலைவராக இருந்த சிட்னி கில்லராஃப் அவருடைய முடியை ஆழ்ந்த செந்நிறமாக மாற்றினார். டெக்னிகலர் முறையில் எடுக்கப்பட்டு 1943இல் வெளிவந்த 'டுபாரி வாஸ் எ லேடி' என்னும் வண்ணப் படத்தில் அச்செம்முடி தீக்கொழுந்துபோல் ஒளிர்ந்தது. அப்போது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. அன்று ஏறிய செந்நிறம் அவருக்கு வாழ்நாள் அடையாளமாயிற்று.

இவ்விடத்தில் சாயத்தின் இயல்பைச் சற்றே அறிந்துகொள்ளுதல் நலம். மயிரிழைக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதில் இருவகை உண்டு. கருமையும் பழுப்பும் தருவது ஒரு வகை. செம்மையும் பொன்மையும் தருவது மற்றொரு வகை. பழுப்பு முடியை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுக்கும்போது அது ஒரே தாவலில் பொன்னிறம் அடைவதில்லை. முதலில் செம்பழுப்பு, அடுத்துச் செம்மஞ்சள், பிறகு மஞ்சள், இறுதியில் வெளிர்மஞ்சள் எனப் படிப்படியாக இறங்குகிறது. எனவே, வெளுத்த பொன்முடியைச் செம்முடியாக்கும் பெண், தான் இறங்கி வந்த படிகளில் சில படிகள் மீண்டும் ஏறுகிறாள் என்று கூறலாம். வெளுப்பில் இழந்த செம்மையையே சாயம் ஈடுசெய்கிறது.

ஆயினும், ஏறுவது எளிது. ஏறிய இடத்தில் நிலைத்து நிற்பதே அரிது. வெளுக்கப்பட்ட இழையின் மேல்தோல் செதில்கள் சிதைந்திருக்கும். அத்தகைய முடி சாயத்தை விரைந்து குடிக்கும். குடித்த விரைவிலேயே விட்டும்விடும். நிறங்களுள் சிவப்பே தலைமுழுகும்போது விரைவாகக் கரைந்து வெளிறுவது. அதனால்தான் கைதேர்ந்த சிகையலங்காரர், மிகவும் வெளுத்த முடியில் எடுத்த எடுப்பில் இருண்ட நிறத்தை ஏற்றுவதில்லை. முதலில் பொன்மையோ செம்பின் நிறமோ கொண்ட அடித்தளம் ஒன்றை இட்டு, அதன்மேல் ஆழ்ந்த நிறத்தைப் பூசுவர். அடித்தளம் இல்லாவிடில் நிறம் மங்கிச் சேறுபோல் தோன்றும்.

இவ்வுண்மையை மருதோன்றி இலையும் உணர்த்தும். மருதோன்றியின் சாயம் முடியை வெளுப்பதில்லை. உள்ளதன்மேல் படிவதே அதன் தொழில். கரிய கூந்தலில் இட்டால் வெயிலில் மட்டும் மெல்லிய செம்மை தெரியும். பாட்டியின் நரையில் இட்டால் செம்மஞ்சளாகச் சுடர்விடும். வெளிறிய பொன்முடியில் இட்டால் செம்பின் நிறம் கொள்ளும். இலை ஒன்றே, ஏற்கும் முடிக்கேற்ப விளைவு வேறுபடுகிறது. எந்தச் சாயமும் தனக்குக் கீழே இருப்பதைப் பொறுத்தே ஒளிவிடும்.

லூசில் பாலுக்குக் கீழே இருந்தது என்ன? அதை உலகம் அறிய இன்னும் சில ஆண்டுகள் ஆயின. செம்முடி வந்த உடனே பெரும்புகழ் வந்துவிடவில்லை. வண்ணப் படங்களில் அழகியாகத் தோன்றியும் அவர் முதல்வரிசைத் திரை நட்சத்திரம் ஆகவில்லை. 1950ஆம் ஆண்டளவில், கியூபா நாட்டில் பிறந்த தம் கணவர் டெசி ஆர்னாஸுடன் இணைந்து தொலைக்காட்சியில் நடிக்க விரும்பினார். அமெரிக்கப் பெண்ணுக்கு அயல்நாட்டு உச்சரிப்புடைய கணவரா, மக்கள் ஏற்பார்களா என்று ஒளிபரப்பு நிறுவனத்தார் தயங்கினர். கணவனும் மனைவியும் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று மேடையேறி நடித்தனர். மக்கள் கைதட்டி ஏற்றனர். 1951ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் 'ஐ லவ் லூசி' தொடங்கியது.

வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. அத்தொடர் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. எந்தச் செம்முடிக்காக அத்துணை உழைப்பு நிகழ்ந்ததோ, அந்தச் செம்முடி மக்கள் வீட்டுத் திரையில் சாம்பல் நிறமாகவே தெரிந்தது. 1953ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள், கதையில் லூசிக்குக் குழந்தை பிறந்த பகுதியை 4 கோடியே 40 இலட்சம் பேர் கண்டனர். அவர்களுள் ஒருவர்கூடத் திரையில் அந்நிறத்தைக் காணவில்லை. அவர்கள் கண்டது, ஓடிவரும் இயந்திரப் பட்டைக்கு ஈடுகொடுக்க முடியாமல் மிட்டாய்களை வாயிலும் தொப்பியிலும் திணித்துக்கொண்ட பெண்ணை. பெருந்தொட்டியில் இறங்கித் திராட்சைப் பழங்களை மிதித்த பெண்ணை. அழகிகள் அஞ்சி ஒதுங்கும் கோமாளித்தனத்தை அவர் அஞ்சாமல் ஏற்றார். ஒவ்வோர் அசைவையும் பன்முறை ஒத்திகை பார்த்த பின்னரே செய்து காட்டினார். கூச்சக்காரி என்று ஒதுக்கப்பட்ட பெண், அந்த உழைப்பினால் ஒரு நாட்டையே சிரிக்க வைத்தார். 1962ஆம் ஆண்டு கணவரின் பங்குகளையும் வாங்கி, தெசிலு என்னும் பெரிய படப்பிடிப்பு நிறுவனத்தைத் தாமே நடத்தும் தலைவியாகவும் உயர்ந்தார்.

அவர் தம் செந்நிறம் இயற்கையானது என்று எவரையும் நம்பவைக்க முயன்றதில்லை. லூசியின் முடி சாயமேற்றிய முடி என்பதே அத்தொடரில் அடிக்கடி எழுந்த நகைச்சுவை. மறைக்காத ஒன்று எப்படி வஞ்சகம் ஆகும்? கதையில் வரும் நரியின் குற்றமும் அதன் நீலநிறம் அன்று. அந்நிறத்தைக் காட்டி, உழைக்காமல் அரசுரிமை பெற்றதே குற்றம். லூசில் பால் செந்நிறத்தைக் காட்டிப் பெற்றது குறைவு. உழைத்துப் பெற்றதே மிகுதி.

1989ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், தம் 77ஆம் வயதில் அவர் மறைந்தார். முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். 1942 முதல் கணக்கிட்டால், ஒரு தலையில் ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட புதுமுடி அடியிலிருந்து முளைத்திருக்கும். அதில் ஒரு சென்டிமீட்டர்கூடச் செந்நிறமாக முளைத்திராது. சாயம் பூசியவர் மாதந்தோறும் கண்ணாடியில் தம் இயற்கை நிறத்தைச் சந்தித்தே தீரவேண்டும். தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ள அது இடம் தருவதில்லை.

எனவே, பொன்முடியைச் செம்முடியாக்கி வந்து நிற்கும் மகளிடம் பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டியதில்லை. நிலையான சாயங்கள் பலவற்றில் உள்ள பாரா ஃபெனிலீன் டையமீன் என்னும் பொருள் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது. பூசுவதற்கு 48 மணி நேரம் முன்னர்ச் சிறிதளவு தோலில் தடவிச் சோதித்தாயா என்று முதலில் கேட்கலாம். அடுத்து, இந்த ஆண்டு என்ன படிக்கிறாய், எந்தத் தொழில் பழகுகிறாய் என்று கேட்கலாம். இவ்விரண்டுக்கும் நல்ல விடை கிடைக்குமாயின், கூந்தலின் நிறத்தை அவள் விருப்பத்திற்கே விட்டுவிடுதல் தகும்.