மனந்திரும்புதல்

ஞானஸ்நானம் பெற்றபின்னும் மனிதன் பாவஞ் செய்கிறானே. அவனுக்கு இனி வழியுண்டோ? இவ்வினா என் உள்ளத்தை நெடுநாள் அலைத்ததுண்டு.

1517-ஆம் ஆண்டில், காசுக்கு விற்கப்பட்ட பாவமன்னிப்புச் சீட்டுகளை எதிர்த்து, ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லூத்தர் 95 கூற்றுகளை வெளியிட்டார். விசுவாசியின் வாழ்நாள் முழுமையும் மனந்திரும்புதலே என்பது முதற்கூற்றின் கருத்து. அவரை மறுத்த ரோமச் சபையும், ஞானஸ்நானத்தின்பின் வீழ்ந்தோர் எழுதற்பொருட்டே பச்சாத்தாபம் ஏற்பட்டதென 1551-ல் திரெந்து சங்கத்தில் உறுதிசெய்தது. வீழ்ந்தவனுக்கும் வழியுண்டு என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டனர்.

ஆனால், தோழர்களே, அவ்வழி நாவளவில் முடிவதன்று. ஆயக்காரன் சகேயு, அநியாயமாய்ப் பெற்றதை நான்கு மடங்காய்த் திருப்பித்தர முன்வந்தான் என்கிறது லூக்கா சுவிசேஷம். கூலியைக் குறைத்தவன் ஞாயிறுதோறும் முழந்தாளிட்டால் மட்டும் போதுமோ? குறைத்ததைத் தொழிலாளியின் கையில் கொடுக்கட்டும். அதுவே மனந்திரும்புதல் என்பது என் துணிபு.