ஓர் இயந்திரத்தைக் காணச் சென்ற பயணம்

பயணம் போவோர் பலரும் கோயிலையோ கடற்கரையையோ நாடுவர். நாமோ 2019 பிப்ரவரியில் எலப்புள்ளியிலிருந்து எர்ணாகுளம் சென்றது ஒரு நீராவி இயந்திரத்தைக் காண்பதற்கு. உடன் வந்தவர் நம் தந்தையார். இளமையில் ஒலவக்கோட்டில் பயர்மேனாக நிலக்கரி வாரிப் போட்டவர்.

இ.ஐ.ஆர். 21 என்பது அதன் பெயர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855இல் பிறந்தது. இராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியது 1856இல்தான். அதற்கும் இது மூத்தது. வங்கத்தில் உழைத்து ஓய்ந்தபின், பீகாரின் ஜமால்பூர் உள்ளிட்ட இடங்களில் நூறாண்டுக்குமேல் காட்சிப் பொருளாய் நின்றது. துருவேறிய அவ்வுடலுக்குப் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர் 2010இல் மறுவாழ்வு தந்தனர். அற்றுப்போன உறுப்புகள் கடையில் கிடைப்பனவா? தாமே செய்து பொருத்தினர்.

இத்தனை புதுமை சேர்ந்தபின் இது பழைய இயந்திரந்தானோ என ஐயுற்றோம். அவ்வேளை அது கூவிற்று. தந்தையார் கண் கலங்கினார்.

“உறுப்பு மாறினால் என்னப்பா? நெருப்பை அறிந்த கை இருக்கிறதல்லவா!” என்றார்.

வண்டி கொச்சித் துறைமுக நிலையம் நோக்கி மெல்ல நகர்ந்தது.

லீட்ஸ், வங்கம், பீகார், சென்னை, கொச்சி! அதுவும் நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்ததே. இரும்பைப் புதிதாய் வார்த்துவிடலாம். கைப்பழக்கத்தை வார்க்க இயலாது. அன்பர்களே, நும் இல்லத்தில் நீராவி வண்டியில் பணிபுரிந்த பெரியவர் இருப்பின், இன்றே அருகமர்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.