அடிக்கு மூன்றரை மில்லிமீற்றர்

மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் உலகம் முழுக்கப் பின்பற்றும் அளவு ஒன்று இருக்கிறது. பெயர் எச்ஓ. நிஜத்தில் ஓர் அடி என்றால் மாதிரியில் மூன்றரை மில்லிமீற்றர். அடி ஆங்கிலேயனுடையது, மில்லிமீற்றர் பிரெஞ்சுக்காரனுடையது. யாரோ இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சுத்தக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது எரிச்சல் தரலாம். எனக்குத் தரவில்லை. நாங்களும் அப்படித்தானே வாழ்கிறோம்? காணி பேர்ச்சில், வீடு சதுர அடியில், பஸ் போகும் தூரம் கிலோமீற்றரில். கொழுந்து கிலோவில், அதுவும் கழிவு போக.

நான் கட்டுவது இலங்கையின் களனிவெளிப் பாதை. இரண்டு அடி ஆறு அங்குல அகலத்தில், 762 மில்லிமீற்றரில், தோட்டத் துரைமார் கேட்டுக் கேட்டுப் போடவைத்த ஒடுங்கிய ரயில் பாதை. 1902இல் அவிசாவளை, 1903இல் யட்டியாந்தோட்டை, 1912இல் இரத்தினபுரி, 1919இல் ஓப்பநாயக்க என்று சப்ரகமுவவுக்குள் தேயிலையையும் இறப்பரையும் தேடிக்கொண்டு வந்தது. யட்டியாந்தோட்டைக் கிளை 1942இல் போயிற்று. இரத்தினபுரிப் பக்கம் 1970களில் போயிற்று. மிச்சம் இருந்ததை 1990களில் அகலப்பாதை ஆக்கினார்கள். இன்று அவிசாவளையோடு ரயில் நின்றுவிடுகிறது.

அடிக்கு மூன்றரை மில்லிமீற்றர் என்றால் ஏறக்குறைய 87இல் ஒன்று. 762ஐ 87ஆல் வகுத்தால் 8.76 வரும். கடையில் கிடைக்கும் தண்டவாளம் 9 மில்லிமீற்றர். கால் மில்லிமீற்றர் வித்தியாசத்தை மன்னிக்காதவன் இந்த வேலைக்கு வரக்கூடாது. மன்னித்துவிட்டேன் என்று சொல்பவன் இரவில் தூங்குவதில்லை. தூரத்தைப் பற்றியோ பேசவே வேண்டாம். கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீற்றர். அதை நேர்மையாகச் சுருக்கினாலும் எழுநூறு மீற்றர் மேசை வேண்டும். ஆகவே எல்லோரையும் போல நானும் ஒரு வளைவு, ஒரு பாலம், ஒரு தரிப்பிடம் என்று எடுத்துக்கொண்டு மற்றதை விழுங்கிவிட்டேன்.

என்ஜினில் எனக்குச் சிரமமில்லை. புகைவண்டிப் பைத்தியங்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எந்தக் கொம்பனி செய்தது, எத்தனை சக்கரம், எந்த ஆண்டு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சிரமம் பாதைக்கு மேலே, மேட்டில் நிற்கும் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், தொடங்கியது. காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியென்றால் 35 மில்லிமீற்றருக்கு 42. அட்டையில் வெட்டி மேசையில் வைத்தேன். பக்கத்தில் கிடந்த தீப்பெட்டியை அதன்மேல் வைத்தபோது அறை முழுதும் மறைந்துவிட்டது. அப்பா, அம்மா, பிள்ளைகள், கலியாணமாகி வந்த மருமகள், ஆத்தா, அடுக்கி வைத்த விறகு, சாமிப்படம் எல்லாம் அதற்குள். பன்னிரண்டு காம்பராவை வரிசையாக ஒட்டினால் 42 சென்றிமீற்றர். லயத்துக்குப் பதிலாகக் கொடுத்துவந்த ஏழு பேர்ச் காணியையும் சும்மா வெட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பதினைந்து சென்றிமீற்றர் வரும் ஒரு சதுரம். அட்டையில் பார்க்க அது பெரிய காணியாகத்தான் தெரிந்தது. காம்பராவைப் பார்த்த கண்ணுக்கு எதுதான் பெரிதாகத் தெரியாது?

துரை பங்களாவை நான் கட்டவில்லை. கோபத்தால் அல்ல. புல்தரை, பூந்தோட்டம், வளைந்து ஏறும் வண்டிப் பாதை எல்லாம் சேர்த்தால் மேசையில் மற்றது எதற்கும் இடமில்லை. அதனால் என் தோட்டத்தில் துரை இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டும் இல்லை.

தகரக் கூரை ஒரு தனி வித்தை. நெளிதகரத்தின் ஒரு நெளிக்கும் அடுத்ததற்கும் மூன்று அங்குலம் என்று வைத்தால், மாதிரியில் அது ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஐந்து மில்லிமீற்றர்ப் புரிக்கம்பியில் புரிக்குப் புரி 0.8 மில்லிமீற்றர். பழைய இறப்பர்ச் செருப்பின் மேல் அலுமினியத் தாளை விரித்து அந்தக் கம்பியை அழுத்தி உருட்டினால் கூரை தயார். பிறகு துருவைப் பூச வேண்டும், ஒழுகும் இடத்தில் சாக்கு விரிக்க வேண்டும், காற்றுக்குப் பறக்காமல் கல் வைக்க வேண்டும். இறப்பர் மரத்தடிச் சருகுக்கு, குடித்து முடித்த தேயிலைச் சக்கையைக் காயவைத்துத் தூவினேன். மேலைநாட்டு மாதிரிக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்களாம். பால் சேரும் சிரட்டைக்கு ஒரு கடுகை இரண்டாகப் பிளந்தால் போதும்.

ஆட்கள்தான் கிடைப்பதில்லை. ஜெர்மனியின் பிரைசர் நிறுவனம் இந்த அளவில் அழகான மனிதர்களை விற்கிறது: பொலிஸ்காரன், பாதிரியார், பெட்டி தூக்கும் கனவான். கூடைக்காரி இல்லை. முதுகுப்பையோடு மலையேறும் ஒரு வெள்ளைக்காரியின் பையைச் சுரண்டிவிட்டு அங்கே கூடை பின்னினேன். தலையில் கயிறு, இடுப்பில் பசையில் நனைத்த கடதாசிப் படங்கு. சப்பாத்தை அராவி வெறுங்கால் ஆக்கினேன். ஐந்தடிப் பெண், பதினேழரை மில்லிமீற்றர். முகம் இன்னும் கொஞ்சம் ஜெர்மன்தான்.

இந்த வயதில் பொம்மை ரயிலா என்று கேட்பவர்களுக்கு நான் குறுந்தொகையின் 61ஆம் பாட்டைச் சொல்வேன். தும்பிசேர்கீரனார் பாடியது. தலைவன் அனுப்பிய ஆட்களிடம் தோழி பேசுகிறாள். தச்சன் செய்து கொடுத்த குட்டிக் குதிரைத் தேரில் பிள்ளைகள் ஏறிப்போக முடியாது. ஆனாலும் கையால் இழுத்துக்கொண்டு போவதிலேயே அவர்களுக்குச் சந்தோசம். அதுபோல நாங்களும் உங்கள் தலைவனோடு சேர்ந்து வாழும் இன்பம் கிடைக்காவிட்டாலும் அவனுடைய நட்பை வளர்த்துக்கொண்டதிலேயே இன்பம் கண்டோம், எங்கள் கைவளைகூடக் கழலவில்லை என்கிறாள். இதில் ஒரு குத்தல் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இருக்கட்டும். காதலர் பாட்டைக் காதலர் பார்த்துக்கொள்ளட்டும். என் கண் அந்தத் தச்சன்மேல்.

அவன் பாட்டில் தலைகாட்டிவிட்டு உடனே போய்விடுகிறான். பகலில் ஊராருக்கு நிஜ வண்டி செய்தானா? மீந்த மரத்தில்தான் இதைச் செய்தானா? சக்கரத்துக்கு ஆரம் வைத்தானா, வெறும் வட்டப்பலகையோடு விட்டானா? எதை எத்தனையில் ஒன்றாகக் குறைத்தான்? பட்டினப்பாலையிலும் ஒரு சிறுதேர் வருகிறது. நெல் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த காதணி, அந்தத் தேரின் வழியில் கிடந்து மறிக்கிறது. அதில் குதிரை இல்லை, சக்கரம் மூன்று. ஆகக் குறுந்தொகைத் தச்சன் குதிரையை விடாதவன். காவிரிப்பூம்பட்டினத்துக்காரனோ குதிரையைக் கழற்றிவிட்டு, தேர் கவிழாமல் உருள மூன்றாவது சக்கரம் போட்டவன். ஒருவனுக்கு அப்படியே இருக்க வேண்டும், மற்றவனுக்கு ஓட வேண்டும். மாதிரி கட்டுகிறவர்களிடையே இன்றைக்கும் இந்த இரண்டு கட்சிதான்.

அந்தத் தச்சர்கள் பார்த்த நிஜத் தேர் ஒன்றுகூட நமக்கு மிஞ்சவில்லை. பாட்டுக்குப் பாட்டு தேர் ஓடுகிறது. மணி ஒலிக்கிறது, சக்கரம் மண்ணைக் கிழிக்கிறது. அச்சு எத்தனை முழம் என்று மட்டும் கேட்டால் பதிலில்லை. தினம் பார்க்கிற பொருளை அளந்து எழுதிவைக்க யாருக்குத் தோன்றும்?

லயத்துக்கும் அதுதான் நடக்கப்போகிறது. கம்பளைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள், நல்ல வேலை. ஆனால் மலைக்கு மலை லயம் வேறு. தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்து லயம் பலாங்கொடைத் தேயிலை மலையின் லயம் அல்ல. ஒன்றில் இஸ்தோப்பு அகலம், இன்னொன்றில் அடுப்பு வெளியே, வேறொன்றில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை.

லயங்கள் இடிய வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை; ஒருவரும் இன்னொரு மழைக்காலத்தை அதற்குள் கழிக்க வேண்டாம். புது வீட்டுக்குப் போகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். சாமான்களை ஏற்றிய பிறகு ஓர் அளவுநாடாவோடு ஒருமுறை திரும்பிப் போங்கள். காம்பராவின் நீளம், அகலம், இஸ்தோப்பின் ஆழம், கதவின் உயரம், ஜன்னல் இருந்தால் ஜன்னல், வாசலிலிருந்து கானுக்கு எவ்வளவு, பீலிக்கு எவ்வளவு என்று பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த ஆண்டு என்று மேலே போட்டு வையுங்கள்.