ஆற்றில் போட்ட புல்லட்!

'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்ற பேச்சு பிறந்த ஊர் விருத்தாசலம் என்பார்கள். திருமுதுகுன்றம் என்பது இதன் பழைய பெயர். இங்கே பழமலைநாதரிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்ற சுந்தரர், அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது தலவரலாறு. தண்ணீர் இல்லாத நாளில் ஆற்றைப் பார்த்தால், இந்த மணலில் போட்டது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்றுதான் கேட்கத் தோன்றும்!

கடைவீதியில் 'டுப்... டுப்...' என்று ஒரு பழைய புல்லட் கடந்து போகும்போதும் இந்தக் கதை நினைவுக்கு வரலாம். அதுவும் ஆற்றில் போட்டுக் குளத்தில் எடுத்த சரக்குதான். ஆறு, இங்கிலாந்தின் ரெட்டிச். குளம், நம்ம திருவொற்றியூர். சுந்தரர் சங்கிலியாரை மணந்த அதே ஊர்!

பர்மிங்காமுக்குத் தெற்கே இருக்கும் ரெட்டிச், ஒரு காலத்தில் உலகத்துக்கே தையல் ஊசி செய்து அனுப்பிய ஊர். ராயல் என்ஃபீல்டின் வேரும் ஓர் ஊசிப் பட்டறைதான். ஊசியிலிருந்து சைக்கிள், பிறகு என்ஃபீல்டு நகரத்து அரசுத் துப்பாக்கி ஆலைக்கு உதிரி பாகங்கள். பெயர் வந்தது அப்படித்தான். 'துப்பாக்கி போலச் செய்யப்பட்டது' என்பது கம்பெனியின் முழக்கம். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் 'புல்லட்' என்று பெயர் வைத்ததில் என்ன ஆச்சரியம்?

பிறந்தது 1932. முதல் உலகப் போர் முடிந்து, இரண்டாவது இன்னும் வராத இடைவெளி. உலகமே பணமுடையில் தவித்த நேரம். லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் 250, 350, 500 சிசி என மூன்று அளவில் வந்து நின்றது. எல்லாமே ஒற்றை சிலிண்டர். சிலிண்டர் ஒன்று என்றால் பாகங்கள் குறைவு, விலை குறைவு, வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்டலாம். 350-ல் சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. இந்த நீண்ட ஓட்டமும் கனத்த ஃப்ளைவீலும், இரண்டு சுற்றுக்கு ஒரே ஒரு வெடிப்பும் சேர்ந்துதான் அந்த 'டுப் டுப்'.

போருக்குப் பிறகு வண்டி புது உருவம் எடுத்தது. எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோத்துத் திருவொற்றியூரில் ஆலை வந்தது. முதலில் பாகங்களாக வந்ததை இங்கே பூட்டினார்கள். 1960-களில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது. 1967-ல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. பத்து வருஷம் கழித்து, 1977-ல், திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே கப்பலேறியது. குளத்தில் எடுத்ததை மறுபடி ஆற்றுக்கே அனுப்பிய கதை!

பீங்கான் ஊரான விருத்தாசலத்துக்கு இந்த வண்டியில் பிடிபடக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் தெரியும் வெள்ளைக் கழுத்து பீங்கான் இனம்தான். ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தை இரும்புப் பக்கம் கசியவிடாமல் தடுத்து, நெருப்புக்கு நடுவிலும் விரிசல் விடாமல் நிற்க வேண்டும். முன்பெல்லாம் மைக்காவும் சாதாரணப் பீங்கானும் அந்த வேலையைச் செய்தன. புல்லட் பிறந்த 1930-களில்தான் அலுமினா வந்து அந்த இடத்தைப் பிடித்தது.

இங்குள்ள பட்டறைகளிலும் களிமண் கூழைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சியதும் எடுத்துக் காயவைத்து, சூளையில் சுடுகிறார்கள். பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃப்யூஸ் கேரியர்... வீட்டுக்கு வீடு ட்ரிப் ஸ்விட்ச் வந்த பிறகு ஃப்யூஸ் கேரியரைக் கேட்பார் குறைவு. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்ததில் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்கும் 2010 வாக்கில் அதே கதிதான்.

ஆனாலும் பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் அதை விடுவதாக இல்லை. ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷரை அழுத்தி, கிக்கரை மெல்ல இறக்கி, பிறகு ஓங்கி ஒரு மிதி. கிளம்பாவிட்டால் பிளக்கைக் கழற்றி, அந்த வெள்ளைக் கழுத்தில் படிந்த கரியைத் துடைத்துவிட்டு, மறுபடி ஒரு மிதி.