கெம்பல் பார்க்கில் ஒரு வாங்கு

எங்கள் போடிங் பொரளையில். ஒரு அறை, நாலு கட்டில், இரண்டு மேசை, ஒரு ஃபேன். ஒருத்தி வீட்டுக்கு கோல் எடுத்தால் மற்ற மூன்று பேரும் ஹெட்போன் போட வேண்டும். இல்லாவிட்டால் அவளின் அம்மாவோடு சேர்ந்து நாங்களும் கவலைப்பட வேண்டும். போடிங் அன்ரி நல்லவ. ஆனால் ஏழு மணிக்கு கேற் பூட்டு, அறைக்குள் விருந்தாளி கூடாது, சத்தம் கூடவே கூடாது.

நாங்கள் நாலு பேரும் கொழும்புக் கம்பஸ், கலைப்பீடம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன், மன்னார் எண்டு நாலு ஊர். காலையில் 154 பஸ், பின்னேரம் திரும்பவும் 154. இதுக்கு நடுவில் காசு கொடுக்காமல், ஒருத்தருக்கும் காரணம் சொல்லாமல், சும்மா இருக்க ஒரு இடம் வேணும் எண்டு தேடிப் பாருங்கள். கொழும்பில் அது லேசில் கிடைக்காது. கஃபேக்குப் போனால் ஒரு கோப்பியோடு அண்டைய சாப்பாட்டுக் காசு முடிஞ்சுது. மோலில் ஏசி இருக்கு, இருக்கிறதுக்கு இடம் இல்லை. காலிமுகத்திடல் தூரம். விகாரமகாதேவிப் பூங்கா கம்பஸுக்குக் கிட்டத்தான், ஆனால் அது பெரிய இடம், கொழும்பு பார்க்க வாற ஆட்களின் இடம். எங்களுக்கு வேண்டியது வீட்டு முற்றம் மாதிரி ஒன்று.

அப்படித் தேடித்தான் கெம்பல் பார்க்குக்குப் போனோம்.

பார்க் எண்டு பெயர்தான். நடுவில் ஒரு விளையாட்டு மைதானம், சுற்றிவர நடக்கிற பாதை, ஓரத்தில் கொஞ்சம் மரம், கொஞ்ச வாங்கு. நீரூற்றும் இல்லை, செல்ஃபி எடுக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. மே தினம் வந்தால் கட்சிக் கூட்டம் நடக்கும், மற்ற நாட்களில் கிரிக்கெட் நடக்கும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு சீனி வருத்தத்துக்காக நடக்கிற அங்கிள்மார், போனில் கதைச்சுக்கொண்டே நாலு சுற்று முடிக்கிற அன்ரிமார், ரியூசனுக்குக் கள்ளமடிச்ச பெடியள், ஒரு குடைக்குள் இரண்டு தலையோடு இருக்கிற சோடிகள் எண்டு பார்க் நிறையும்.

கனபேர் பக்கத்து மாடி வீடுகளில் இருந்து வாற பிள்ளைகள். 2001இல் இந்தப் பக்கம் சஹஸ்புர எண்ட மாடிக் குடியிருப்பைத் திறந்தார்கள். 'வத்த' எண்டு சொல்லுற நெருக்கமான குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களை 600க்கு மேற்பட்ட வீடுகளுக்குள் ஏற்றினார்கள். பிறகு இன்னும் மாடிகள் வந்தன. மாடி வீட்டில் தண்ணி இருக்கு, கரண்ட் இருக்கு, முற்றம் இல்லை. 1921இல் பற்றிக் கெடெஸ் எண்ட ஸ்கொட்லாந்துக்காரர் கொழும்பைத் தோட்ட நகரமாக்கத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் எண்டு லெக்சரில் படிச்சோம். தோட்டம் பெரும்பாலும் கொழும்பு 7இல் நிண்டுவிட்டது. பொரளைப் பிள்ளைகளுக்கும் போடிங் பிள்ளைகளுக்கும் மிஞ்சினது இந்த மைதானம்.

பெயரைப் பற்றியும் ஒரு கதை இருக்கு. 1866இல் இலங்கைப் பொலிஸுக்குத் தலைவராக வந்த கெம்பல் எண்ட வெள்ளைக்காரரின் பெயர்தான் இது எண்டு சொல்லுவினம். அவர் பதவியேற்ற செப்டெம்பர் 3ஆம் திகதியைத்தான் இண்டைக்கும் பொலிஸ் தினமாகக் கொண்டாடுறார்கள். குடைக்குள் இருக்கிற சோடிகளுக்கு இது தெரியுமோ எண்டு எங்களுக்குள் ஒரு பகிடி.

ஆனால் ஒரு விசயத்தை நாங்கள் கன நாளாகக் கவனிக்கவே இல்லை. ஒருநாள் எங்கள் பட்ச் சிங்களப் பிள்ளை ஒருத்தி எங்களோடு பார்க்குக்கு வந்தாள். அரை மணித்தியாலம் இருந்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க ஏன் பார்க்கில இருந்துகொண்டும் லைப்ரரியில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறீங்க?"

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். உண்மைதான். கம்பஸ் கன்ரீனில் எங்கள் மேசைச் சத்தம் கடைசி மேசை வரைக்கும் கேட்கும். பஸ்ஸில் ஏறினால் குரல் பாதியாகும். பார்க்கில் சிங்கள ஆட்கள் பக்கத்தால் நடந்துபோனால் இன்னும் குறையும், அவர்கள் தாண்டினதும் கூடும். ரேடியோவைத் திருகுற மாதிரி. ஒருத்தரும் எங்களை ஒன்றும் சொன்னதில்லை, முறைச்சுப் பார்த்ததுமில்லை. பிறகு ஏன்? "பஸ்ஸில மெல்லக் கதையுங்கோ" எண்டு சின்ன வயசில் வீட்டில் சொன்னது மட்டும் நாலு பேருக்கும் ஞாபகம் இருந்தது. நாலு ஊர், ஒரே வசனம்.

வீட்டில் ஏன் அப்படிச் சொன்னார்கள் எண்டதுக்குப் பதில் பொரளையிலேயே இருக்கு.

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. உடல்களைக் கொழும்புக்குக் கொண்டுவந்து பொரளை கனத்தை மயானத்தில் ஒன்றாக அடக்கம் செய்யிறதாக ஏற்பாடு. பின்னேரம் ஆயிரக்கணக்கான ஆட்கள் கூடினார்கள். உடல்கள் வரப் பிந்தினது, கடைசியில் அந்த அடக்கம் அங்கே நடக்கவேயில்லை. கூட்டம் பொரளைப் பக்கம் திரும்பினது. அண்டிரவு தமிழ்க் கடைகளும் வீடுகளும் எரியத் தொடங்கின. கறுப்பு ஜூலை எண்டு நாங்கள் படிச்சது, நாங்கள் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிற சந்தியைச் சுற்றித்தான் தொடங்கியிருக்கு. நடந்து போகிற தூரத்தில் வெலிக்கடைச் சிறை. அங்கே 25ஆம், 27ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள்.

நீங்களும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீங்கள். உடுப்பில்லாமல் குனிஞ்சு இருக்கிற ஒரு தமிழ் இளைஞன், சுற்றிவரச் சிரிச்சுக்கொண்டு நிற்கிற பெடியள். சந்திரகுப்த அமரசிங்க எண்ட சிங்களப் புகைப்படக்காரர் எடுத்தது. ஒவ்வொரு ஜூலையும் எங்கள் போனுக்கு வரும், பார்த்துவிட்டுத் தாண்டிப் போவோம். அது பொரளை பஸ் ஸ்டாண்டில் எடுத்த படம் எண்டு செக்கண்ட் இயரில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அதுக்குப் பிறகு ஒரு கிழமை வரைக்கும் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை, கொஞ்சம் தள்ளிப் போய் பஸ் ஏறினோம். பிறகு எக்ஸாம் வந்தது, பழைய இடத்துக்கே திரும்பிவிட்டோம். மறக்கவில்லை. ஆனால் பஸ் அங்கேதான் நிற்கும்.

இந்த வருசம் தொடக்கத்தில் எங்களில் யாழ்ப்பாணத்துக்காரியின் அம்மா பாஸ்போட் விசயமாகக் கொழும்புக்கு வந்தா. இரவு பஸ்ஸில் வந்து, பத்தரமுல்லையில் வேலையை முடிச்சுக்கொண்டு, அடுத்த இரவு பஸ்ஸில் திரும்பிப் போகிற திட்டம். நடுவில் மூன்று மணித்தியாலம் இருந்தது. அறைக்குள் விருந்தாளி கூடாது எண்டு சொன்னோமே. அதனால் அம்மாவைப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். போடிங்கில் யாரின் அம்மா வந்தாலும் எல்லாருக்கும் அம்மாதான், நாலு பேரும் போனோம்.

எங்களுக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. மகளுக்குப் பொரளையில் போடிங் கிடைச்சிருக்கு எண்டு சொன்ன நாளில் இந்த அம்மா போனில் கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "வேற இடமே கிடைக்கேல்லையோ?" எண்டு மட்டும் கேட்டவ. 83இல் அவவுக்கு எட்டு வயசு. அப்பா அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர், பொரளையில் வாடகை வீடு. பக்கத்துச் சிங்கள வீட்டில் இரண்டு இரவு ஒளிஞ்சிருந்து, பிறகு பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூட முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. இவ்வளவும் மகள் எங்களுக்குச் சொன்னது. மகளுக்கும் இவ்வளவுதான் தெரியும். அம்மா அதைப் பற்றிக் கதைக்கிறதில்லை.

பார்க்குக்குள் வந்ததும் அம்மா நின்றுவிட்டா. சுற்றிப் பார்த்தா. நாங்கள் நினைச்சோம், பிழை விட்டிட்டோம் எண்டு.

"இதுதானே கெம்பல் பார்க்?"

"ஓம் அம்மா."

"சனிக்கிழமையில அப்பா என்னை இஞ்ச கூட்டிக்கொண்டு வாறவர். அவருக்கு மட்ச், எனக்குக் கடலை."

சொல்லிவிட்டுப் போய் வாங்கில் இருந்தா. இவ்வளவு வருசத்தில் மகள் இதைக் கேட்டதே இல்லை. இப்பதான் முதல் தரம். அப்பா எந்தப் பக்கத்தில் நிற்கிறவர், யாரோடு கதைக்கிறவர், வீட்டுக்குத் திரும்பும்போது எந்த மூலையில் தன்னைத் தோளில் ஏற்றுறவர் எண்டு அம்மா சொல்லிக்கொண்டே போனா. மரங்கள் இப்ப குறைவாம். நடக்கிற பாதை புதுசாம். அந்த இரவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுக்கு முந்தின சனிக்கிழமைகளை மட்டும் சொன்னா.

பொரளை எண்டால் எங்களுக்கு ஒரே ஒரு இரவுதான் இருந்தது. அம்மாவிடம் அதுக்கு முன்னால ஒரு பொரளை இருந்திருக்கு. அதில் ஒரு அப்பா, ஒரு மட்ச், ஒரு சுருள் கடலை. 83இல் பறிபோனது உயிர், கடை, வீடு எண்டு கணக்குச் சொல்லுவார்கள். ஒரு பிள்ளை பார்க்கில் இருந்து சத்தமாகச் சிரிச்ச பின்னேரங்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

அந்த நேரம் பார்த்து கடலைக்காரர் வந்தார். நாங்கள் வாய் திறக்க முதல் அம்மா கையைத் தூக்கினா.

"மாமே, கடல தெகக் தென்ன!"

கடலைக்காரருக்கு முப்பது வயசு இருக்கும். அம்மாவுக்கு ஐம்பதுக்குக் கிட்ட. மாமா! அவர் ஒரு நிமிசம் முழிச்சார், பிறகு வாய்விட்டுச் சிரிச்சார். எங்களுக்குப் பிறகுதான் விளங்கினது. அம்மாவிடம் இருக்கிற சிங்களம் எட்டு வயசுச் சிங்களம். அந்த வயசில் கடலை விற்கிறவர் எல்லாரும் மாமாதானே. அதுக்குப் பிறகு அவ சிங்களம் கதைக்கத் தேவை வரவில்லை, அது வளரவும் இல்லை. இரண்டு சுருள் கேட்டதுக்குக் கடலைக்காரர் கையால் இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டார்.

கடலையைச் சாப்பிட்டுக்கொண்டு மைதானத்தைப் பார்த்தோம். மாடி வீட்டுப் பிள்ளைகள் ரெனிஸ் பந்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பொடியன் எங்கள் பக்கம் பந்தை அடிச்சுவிட்டு ஒரு ரன் ஓடினான். பந்து புல்லுக்குள் கிடந்தது. அம்மா வாங்கில் இருந்து எழும்பிக் கத்தினா:

"ஓடு, ஓடு! ரெண்டு ஓடலாம்!"

தமிழில். தொண்டை கிழிய. பொரளையில்.

நாங்கள் உறைஞ்சு போனோம். நடந்துபோன இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அதைக் கவனிக்கவேயில்லை, கண் முழுக்கப் பந்தில். பொடியனுக்கு வசனம் விளங்கியிருக்காது, கை காட்டினது விளங்கியிருக்கும். இரண்டாவது ரன்னுக்கு ஓடினான். ரன் அவுட். அவன் திரும்பி அம்மாவை முறைச்சுப் பார்த்த பார்வை இருக்கே! முதல் ஆளாகச் சிரிச்சவர், வாக்கிங் வந்த ஒரு வயசான சிங்கள அங்கிள். பிறகு அம்மா. பிறகு நாங்கள். அண்டைக்கு நாங்கள் சிரிச்ச சத்தம் ரோட்டுக்கும் கேட்டிருக்கும்.

இதோட எல்லாம் சரியாகிவிட்டது எண்டு எழுத எங்களுக்கு விருப்பமில்லை. அது பொய். 2023இல், 40 வருச நினைவுக்குக் கனத்தையடியில் விளக்கேற்றத் தமிழ் ஆட்களும் சிங்கள ஆட்களும் ஒன்றாகத்தான் வந்தார்கள். அதை எதிர்த்துக் கத்தவும் ஒரு கூட்டம் வந்தது. ஹட்டன்காரி வீட்டில் 83க்கு முதல் 77இன் கதை இருக்கு. ஒரு பின்னேரம், ஒரு ரன் அவுட், ஒரு அங்கிளின் சிரிப்பு இதையெல்லாம் அழிச்சுவிடாது. நாங்கள் இப்பவும் பஸ்ஸில் மெல்லத்தான் கதைக்கிறோம். பழக்கம் ஒரு நாளில் போகாது.

ஆனால் பார்க்கில் மட்டும் ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறோம். பக்கத்தால் ஆள் போனாலும் குரலைக் குறைக்கிறதில்லை. ஒருத்தி மறந்து குறைச்சால் மற்றவர்கள் "ரெண்டு ஓடலாம்!" எண்டு கத்துவோம். முதல் கிழமை கஷ்டமாக இருந்தது, இப்ப பரவாயில்லை. அந்தப் பொடியனுக்கு எங்களைத் தெரியும். நாங்கள் கத்தினால் அவன் ஓடுறதில்லை.

அம்மா ஊருக்குப் போனபிறகும் தினமும் பின்னேரம் கோல் எடுக்கிறா. முந்தி முதல் கேள்வி "அறைக்கு வந்திட்டியோ?" எண்டு இருக்கும். இப்ப "பார்க்குக்குப் போனியளோ?" எண்டு கேட்கிறா. ஜூலை கிட்ட வரும்போது மட்டும் பழைய குரல் திரும்பி வருகிறது. "24ஆம் திகதி வெளியில திரியாதையுங்கோ பிள்ளையள்."

பதிலுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவா. ஆனால் அண்டு பின்னேரம் நாங்கள் அந்த வாங்கில்தான் இருப்போம், நாலு சுருள் கடலையோடு. ஏழு மணிக்கு முன்னம் திரும்பிவிட வேண்டும், கேற் பூட்டிவிடுவார்கள்.